சுவரைத் தொட்டுப் பறந்த விமானம்

வானூர்தியில் திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் இறங்கும் இடம் தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம். திருச்செந்தூர் கோயிலில் குடமுழுக்கு நடந்த 2025 ஜூலையிலேயே வாகைக்குளம் விமான நிலையத்தில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. வருகிறவர்களின் கண்ணில் படுவது முனையத்தின் பளபளப்பு. பெரிய மாற்றம் வெளியே தரையில் இருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,000 மீட்டரைத் தாண்டி நீள்கிறது. முன்பு ஏ.டி.ஆர் போன்ற, விசிறி சுழலும் சிறு விமானங்கள்தான் இங்கே வர முடிந்தது. இனி 180 பேர், 200 பேர் ஏறும் ஜெட்டுகளும் வரலாம்.

பறக்கிற ஒன்றுக்குத் தரையில் எதற்கு மூன்று கிலோமீட்டர்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் விபத்து ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஒருவருக்கும் கீறல்கூட விழாததால் நாம் அதை எளிதாக மறந்துவிட்டோம்.

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு மேல். திருச்சியிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737-800 புறப்பட்டது. பயணிகள் 130 பேர், பணியாளர்கள் 6 பேர். ஓடுபாதை தீரும் தருவாயில்தான் விமானம் தரையைவிட்டு எழுந்தது. பாதைக்கு அப்பால் நின்ற அலைவாங்கிக் கம்பங்களை முறித்தது. விமான நிலையத்தின் சுற்றுச்சுவரையும் இடித்துத் தள்ளியது. பிறகு ஒன்றுமே நடவாததுபோல் மேலே ஏறிப் போய்விட்டது. ஏதோ உரசியிருக்கலாம் என்று தரையிலிருந்து தகவல் போனது. விமானிகள் கருவிகளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே காட்டின. விமானம் வழியில் மும்பைக்குத் திருப்பப்பட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் பறந்து அங்கே பத்திரமாக இறங்கியபோதுதான் வயிற்றுப் பகுதியின் தகடு கிழிந்திருப்பதும், சக்கரப் பகுதியில் வேலிக் கம்பி சிக்கியிருப்பதும் தெரிந்தன.

எஞ்சின்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. மழையோ புயலோ இல்லை. திருச்சி ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். அந்த வகை விமானங்கள் அங்கிருந்து நாள்தோறும் சிரமமில்லாமல் கிளம்புகின்றன. அப்படியிருக்க எங்கே போயின அத்தனை மீட்டர்களும்?

விடை தேடும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஜெட் விமானம் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 75 மீட்டர். அதன் முடுக்கம், அதாவது வேகம் கூடும் வீதம், ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 2 மீட்டர். நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்ட 37 நொடி ஆகும். ஓடும் தூரம் 1,400 மீட்டர். இதில் பாதி வேகத்தை எட்ட எவ்வளவு தூரம்? 700 மீட்டர் என்று மனம் சொல்லும். உண்மையில் 350 மீட்டர்தான். முதல் பாதி வேகம் கால்வாசிப் பாதையில் வந்துவிடுகிறது. மறுபாதி வேகம் மீதி முக்கால் பாதையையும் விழுங்குகிறது. ஓடுபாதையை விமானம் செலவழிப்பது கடைசி நொடிகளில்தான். அந்த நேரத்தில் ஒரே ஒரு நொடி தாமதமானாலும் 75 மீட்டர் போய்விடும்.

இந்தத் தூரத்தை முன்கூட்டியே கணக்கிடாமல் எந்த விமானமும் நகர்வதில்லை. எடை, காற்றின் திசை, பாதையின் சரிவு, ஈரம், வெப்பம் எல்லாம் அதில் சேரும். வெப்பத்துக்கு என்ன வேலை? சூடான காற்று விரிந்து நொய்ந்து போகும். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரியில் இருக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. இறக்கையைத் தூக்கவும் எஞ்சின் விழுங்கவும் கிடைக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைகிறது. சித்திரை நண்பகலில் கிளம்பும் விமானத்துக்கு மார்கழி விடியலில் கிளம்புவதைவிட நீளமான பாதை வேண்டும்.

விமானிகள் இந்தக் கணக்கில் தெரிந்தே ஒரு பொய்யும் சொல்வார்கள். பாதை நீளமாக, சுமை குறைவாக இருந்தால் முழு விசை தேவையில்லை. அப்போது வெளியே 30 டிகிரி இருக்க, 45 டிகிரி என்று கணினியிடம் சொல்வார்கள். அந்த வெப்பத்தில் எவ்வளவு விசை கிடைக்குமோ அவ்வளவை மட்டும் எஞ்சின் கொடுக்கும். எஞ்சினின் உள்ளே சூடு குறையும், ஆயுள் கூடும். உண்மையான காற்று நாம் சொன்னதைவிடக் குளிர்ந்து அடர்த்தியாக இருப்பதால் பாதுகாப்பும் குறையாது. உலகெங்கும் அன்றாடம் நடக்கும் இந்தத் தந்திரத்துக்குக் கற்பித வெப்பநிலை முறை என்று பெயர் வைக்கலாம்.

கணக்கின் உச்சம் தீர்மான வேகம் என்பது. விமானிகள் அதை வி-ஒன்று என்பார்கள். அந்த வேகத்தை எட்டுவதற்குள் எஞ்சின் பழுதானால் நிறுத்திவிடலாம். மீதிப் பாதை நிற்கப் போதும். எட்டிய பிறகு பழுதானால் நிறுத்தக் கூடாது. மிஞ்சிய ஒற்றை எஞ்சினோடு மேலே போக வேண்டும். வல்லத்தைக் கடலில் தள்ளும் மீனவர் அலை மடங்கும் இடத்தைத் தாண்டிய பிறகு திரும்ப நினைக்க மாட்டார், திரும்பினால்தான் கவிழும். அதே நியாயம் இங்கே எண்ணாக மாறியிருக்கிறது. ஒரு எஞ்சின் போனாலும் குறிப்பிட்ட தூரத்துக்குள் விமானம் 35 அடி உயரத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்பது சான்றிதழ் விதி. திருச்செந்தூர் ராஜகோபுரத்தில் கால்வாசி உயரம் அது.

நிறுத்துவதும் லேசான காரியமில்லை. 70 டன் விமானம் 270 கிலோமீட்டர் வேகத்தில் சுமந்து செல்லும் ஆற்றல், 650 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவையும் சில நொடிகளில் பெரும்பாலும் சக்கரத் தடைகளே வெப்பமாக விழுங்க வேண்டும். அந்தச் சூட்டில் டயருக்குள் அழுத்தம் ஏறி வெடித்துவிடாமல் இருக்கச் சக்கரத்தில் சிறு உருகு அடைப்பான்களைப் பதித்திருக்கிறார்கள். அளவு மீறிய வெப்பம் வந்தால் அவை உருகி, காற்றை மெல்ல வெளியே விடும்.

ஒற்றை எஞ்சினில் எழுவதற்கே வழி செய்துவைத்திருக்கும்போது இரண்டு எஞ்சினும் ஓடிய விமானம் சுவரில் மோதியது எப்படி? இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை இதற்குத் தரும் விடை ஒரு நாற்காலியிலிருந்து தொடங்குகிறது.

விமானம் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தபோது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பிடி நழுவிப் பின்பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போது அவர் கை விசைப்பிடிகளின் மேல் இருந்தது. விசைப்பிடி என்பது எஞ்சினின் உந்துவிசையை, அதாவது முன்னோக்கித் தள்ளும் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல். கை அங்கே இருந்தது தற்செயலாக இல்லை. தீர்மான வேகத்தை எட்டும்வரை கை அங்கேதான் இருக்க வேண்டும். நிறுத்த நேர்ந்தால் அந்தக் கணமே பின்னே இழுப்பதற்காக. எட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். இனி நிறுத்தும் எண்ணமே வேண்டாம் என்பதற்காக. உடல் பின்னே சரிந்ததும் கையும் சரிந்தது, பிடிகளும் கூடவே வந்தன. 98 விழுக்காட்டில் சுழன்ற எஞ்சின்கள் 77 விழுக்காட்டுக்கு இறங்கின. அது விமானிகள் இருவர் கவனத்துக்கும் வரவில்லை.

தானியங்கி அதைச் சரிசெய்திருக்கக் கூடாதா? அந்தக் கருவி விமானத்தில் உண்டு. இந்த வகை போயிங்கில் வேகம் 84 நாட்டை, அதாவது மணிக்கு 156 கிலோமீட்டரை எட்டியதும் அது விசைப்பிடிகளைத் தன் பிடியிலிருந்து விடுவித்துவிடும். காரணம் நல்ல காரணம்தான். வேகமான ஓட்டத்தின் நடுவே கருவி பழுதாகித் தானாகவே விசையைக் குறைத்துவிடக் கூடாது. ஆகவே அந்த வேகத்துக்குமேல் பிடி எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயே நிற்கும். கருவியின் பிழையிலிருந்து காக்கச் செய்த ஏற்பாடு, மனிதக் கை இழுத்ததையும் அப்படியே காத்து வைத்தது.

77 விழுக்காடு என்பது கேட்கப் பரவாயில்லை போலத் தோன்றும். அது எஞ்சின் விசிறியின் சுழற்சி. உந்துவிசையின் அளவு அது இல்லை. விசை, தோராயமாகச் சொன்னால், சுழற்சியின் வர்க்கத்தை ஒட்டி மாறும். 98-லிருந்து 77 என்றால் சுழற்சி ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. விசையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. காற்றின் எதிர்ப்பும் சக்கர உராய்வும் தங்கள் பங்கைக் குறைக்காமல் எடுத்துக்கொள்வதால் முடுக்கத்தில் விழும் அடி இன்னும் பெரிது.

முன்பு போட்ட கணக்கையே மீண்டும் எடுப்போம். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் இருக்கிறோம். 75 மீட்டரை எட்ட வேண்டும். முடுக்கம் 2 என்றால் ஏழரை நொடி, 500 மீட்டர். முடுக்கம் 1 ஆகிவிட்டால் 15 நொடி, 1,000 மீட்டர். இருக்கையில் ஒருவருக்கு இந்த வேறுபாடு தெரியுமா? விமானம் வேகமெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. முதுகில் உணரும் அழுத்தம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இரவில், இருக்கை சரிந்த பதற்றத்தில், அதைக் கண்டுபிடிப்பது கடினம். விசை குறைந்தே இருக்க, கடைசிப் பாதை கரைந்துகொண்டிருந்தது.

இங்கேதான் புறப்பாட்டுப் பாதுகாப்பின் ஓட்டை தெரிகிறது. எஞ்சின் நின்றுபோனால் அளவுகருவி காட்டிக்கொடுக்கும், விமானம் ஒருபக்கம் இழுக்கும், விமானிக்கு உடனே தெரியும். தெரிந்த கோளாறுக்கு வி-ஒன்று வழி சொல்லும். இரண்டு எஞ்சினும் ஒரேயளவு தளர்ந்தால் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. வேகம் 80 நாட் ஆகும்போது விசை சரியாக இருக்கிறதா என்று விமானிகள் சரிபார்ப்பார்கள். அதற்குப் பிறகு குறைந்தால்? முன்னாலிருக்கும் திரையில் இன்னும் பத்து நொடியில் வேகம் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக் காட்டும் ஒரு பச்சை அம்புக்குறிகூட உண்டு. இந்த வேகம் போதுமா, பாதை மிச்சம் இருக்குமா என்று அது சொல்லாது. கிளம்புமுன் எத்தனையோ மீட்டர்களைக் கணக்கிட்ட அறிவியல், ஓடும்போது அந்தக் கணக்கு பலிக்கிறதா என்று பார்ப்பதை மனிதக் கண்ணிடமே விட்டிருந்தது.

இந்த ஓட்டையில் முன்பும் விமானங்கள் விழுந்திருக்கின்றன. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் கொட்டும் பனியில் ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 கிளம்பியது. எஞ்சினின் பனி நீக்கியை இயக்கவில்லை. அழுத்தம் அளக்கும் துளை பனியால் அடைபட்டு, உண்மையான விசையைவிடக் கூடுதலாகக் காட்டியது. வேகம் ஏறுவது சரியில்லை என்று துணை விமானிக்குத் தோன்றியது. கருவியோ சரி என்றது. விமானம் பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதியதில் 78 பேர் இறந்தார்கள். 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340 திருச்சியில் நடந்ததை முன்கூட்டியே நடத்திக் காட்டியது. 362.9 டன் எடையை 262.9 என்று கணினியில் இட்டுவிட்டார்கள். ஒற்றை எண் மாறியதில் நூறு டன் காணாமல் போனது. கணினி அந்த எடைக்கேற்ற குறைந்த விசையைத் தந்தது. வால் தரையில் உரச, பாதை முடிந்த பிறகே விமானம் எழுந்தது. அதுவும் பாதைக்கு அப்பால் நின்ற அலைவாங்கியை முறித்தது. கடைசி நொடியில் தலைமை விமானி முழு விசையைத் தள்ளியதால் 275 பேரும் பிழைத்தார்கள்.

திருச்சியிலும் மெல்போர்னிலும் முறிந்த அந்தக் கம்பங்களுக்கும் ஒரு கதை உண்டு. அவை லோக்கலைசர் என்னும் திசைவழிகாட்டியின் பகுதி. பாதையின் மறுமுனையில் வரிசையாக நின்று, இறங்க வரும் விமானத்தை நோக்கி இரண்டு அலைச்சுருதிகளை அனுப்பும். விமானம் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகினால் ஒன்று ஓங்கும், வலப்பக்கம் விலகினால் மற்றது ஓங்கும். இரண்டும் சமமாகக் கேட்டால் நேர்கோட்டில் வருகிறோம் என்று பொருள். மூடுபனியில் பாதையைக் காட்டும் இந்தக் கருவி பாதையின் நேரே நின்றாக வேண்டும். விமானம் தவறினால் மோதக்கூடிய இடமும் அதுதான். ஆகவே இடித்தால் விமானத்தைத் தடுக்காமல் தாமே முறிந்து விழும்படி கம்பங்களைச் செய்திருக்கிறார்கள். தாங்கி நிற்பதற்காகப் பொருள்களைச் செய்வதுதான் பொறியியலின் வழக்கம். இங்கே சரியான நேரத்தில் தோற்றுப்போவதற்காகச் செய்திருக்கிறார்கள்.

சுற்றுச்சுவருக்கு அந்தப் பணிவு கிடையாது. பாதைக்கு வெளியே என்ன நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அவுரங்காபாத் 1993 ஏப்ரல் 26 அன்று காட்டியது. இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 தாமதமாக எழுந்து, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த சாலையில் பருத்திப் பொதி ஏற்றிச் சென்ற லாரியில் மோதியது. 118 பேரில் 55 பேர் இறந்தார்கள். ஓடுபாதை முடிந்த பிறகும் தடையற்ற பாதுகாப்பு வெளி வேண்டும் என்ற விதி இத்தகைய கணக்குகளின் மேல்தான் நிற்கிறது. பன்னாட்டுப் பரிந்துரைப்படி அதன் நீளம் 240 மீட்டர்.

கிழிந்த வயிற்றோடு விமானம் நான்கு மணி நேரம் பறந்தது இன்னொரு வியப்பு. உயரத்தில் பறக்கும்போது உள்ளிருக்கும் காற்றழுத்தம் உடற்கூட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே தள்ளும். அதைத் தாங்குவது சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. பின்னாலிருக்கும் வளையச் சட்டங்களும் பட்டைகளும் ஒரு கிழிசல் நீண்டு ஓடாமல் தடுக்கின்றன. ஆனாலும் இது வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டு வைத்த கிழிசல் இல்லை. என்ன உடைந்தது என்று தெரியாத விமானத்தை அரபிக் கடலுக்கு மேல் கொண்டுபோகாமல் திருப்பியதில் நியாயம் இருந்தது.

இத்தனையும் எப்படித் தெரிந்தது? விமானத் தரவுப் பதிவி 25 மணி நேர அளவுகளைச் சேமிக்கும். விசைப்பிடியின் கோணமும் எஞ்சின் சுழற்சியும் நொடிக்கு நொடி அதில் இருக்கும். விமானி அறைப் பேச்சைப் பதியும் குரல் பதிவி வேறு. அதன் வழக்கமான வகைகளில் கடைசி இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். நான்கு மணி நேரம் பறந்து இறங்கினால் புறப்பாட்டுப் பேச்சு அழிந்து அதன்மேல் புதிது பதிந்திருக்கும். புதிதாகத் தயாராகும் பெரிய விமானங்களில் குரலையும் 25 மணி நேரம் காக்க வேண்டும் என்று பன்னாட்டு விதி வந்திருக்கிறது. யாரும் சாகாத விபத்துகளுக்கு இது பெரிய உதவி. அவற்றில்தான் விமானம் தொடர்ந்து பறந்து தன் சாட்சியத்தைத் தானே அழிக்கிறது.

இருக்கை என்னும் சிறு பொருளும் இப்போது கவனம் பெறுகிறது. 2024 மார்ச் 11 அன்று சிட்னியிலிருந்து ஆக்லாந்துக்குப் பறந்த லாட்டாம் நிறுவனத்தின் போயிங் 787-இல் விமானியின் இருக்கை எதிர்பாராமல் முன்னே நகர, விமானம் சட்டென்று தலைகுனிந்தது. ஏறத்தாழ 50 பேர் காயமுற்றார்கள். விமானியின் நாற்காலி வசதிக்காக மட்டும் இருப்பதில்லை. கை எங்கே இருக்கும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. கைதான் விமானத்தை ஓட்டுகிறது.

எதிர்பார்த்த முடுக்கமும் கிடைக்கும் முடுக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று ஓடும்போதே ஒப்பிடும் கருவியை நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 1980-களிலேயே சோதித்துப் பார்த்தது. போர் விமானிகள் அதற்கும் முன்பிருந்தே பாதையோரத் தூரப் பலகையைப் பார்த்து, இந்த இடத்தில் இத்தனை வேகம் இருக்க வேண்டும் என்று சரிபார்க்கும் வழக்கம் உள்ளவர்கள். பயணிகள் விமானங்களுக்கு அது வர ஏன் இத்தனை ஆண்டு? பொய் எச்சரிக்கையின் அச்சம்தான் பெரிய தடை. நன்றாக ஓடும் விமானத்தில் கருவி தவறாகக் கத்தி, விமானி வேகத்தின் உச்சியில் தடை போட்டால் அதுவே விபத்தாகும். எப்போது பேசலாம் என்பதைவிட எப்போது பேசக் கூடாது என்பதை அந்தக் கருவி கற்க வேண்டியிருந்தது. ஏர்பஸ் நிறுவனம் ஏ380, ஏ350 வகைகளில் இத்தகைய கண்காணிப்பைச் சேர்த்திருக்கிறது. எடையும் பாதை நீளமும் பொருந்துமாறு உள்ளிடப்பட்டனவா என்று கிளம்புமுன்னும் பார்க்கிறது, முடுக்கம் குறைந்தால் ஓடும்போதும் சொல்கிறது. பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் அது இல்லை.

அதுவரை இருப்பது மிக எளிய மருந்து. விசைப்பிடிக்கு முன்னே இன்னும் இடம் இருக்கிறது. கற்பித வெப்பநிலையில் கிளம்பினாலும், எண்ணைத் தவறாக இட்டிருந்தாலும், கை தெரியாமல் இழுத்திருந்தாலும், ஓட்டம் மந்தமாக இருப்பதாகத் தோன்றினால் பிடியை முன்னே முழுக்கத் தள்ளிவிடலாம். தேவையில்லாமல் தள்ளியிருந்தால் நட்டம் எஞ்சின் ஆயுளில் கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான். மெல்போர்னில் தள்ளினார்கள். வாஷிங்டனில் கடைசிவரை தள்ளத் தோன்றவில்லை. திருச்சியில் குறைந்துபோன 21 விழுக்காடும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.